கருப்பசாமிக்கு நைட் ஷிப்ட்

சார், அந்தப் பைக்குள்ள இருக்கிறது லேப்டாப்தானே? நெனச்சேன். கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க, இந்தக் கம்பி முழங்கால்ல இடிக்குது. என்ன வேலை, மருந்துக் கம்பெனியா? பரவாயில்ல, லேப்டாப் வச்சிருக்கீங்கல்ல, அது போதும். உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். இந்தச் சம்பளம் போடுற சாப்ட்வேர் இருக்கு பாருங்க, அதுலருந்து ஒரு ஆளோட பேர எடுக்கணும்னா ஏன் எடுக்கிறீங்கன்னு காரணம் கேக்குது. எந்தக் காரணத்தப் போட்டா மரியாதையா இருக்கும்?

யாரு ஆளுன்னு தெரியாம எப்படிச் சொல்றதுன்னு கேக்கிறீங்க. நியாயந்தான். மொதல்லருந்தே சொல்லிடுறேன். பஸ் மலையடிவாரம் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகும், நடுவுல ரெண்டு எடத்துல டிரைவர் டீ குடிப்பாரு. நான் யாரையும் குறை சொல்லப் போறதில்ல சார். நடந்ததச் சொல்றேன், அவ்வளவுதான்.

என் பேரு சங்கரலிங்கம். சத்திரப்பட்டியில ஒரு பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குச் சுத்துற துணி, அதான். பன்னெண்டு தறி, துணி வெளுக்கிற எடம், வெட்டி மடிச்சு பாக்கெட் போடுற பொம்பளையாளுக எட்டு பேரு. மொதலாளி பேரு ஞானகுரு. நான் அங்க கணக்குப்பிள்ளை, இருபத்தாறு வருஷமா. வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டுவாடா, போனஸ் எல்லாம் என் கையெழுத்துதான். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. வேணும்னா யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்ப எங்க பதிவேட்டத் திறந்தீங்கன்னா மொத வரிசையில ஒரு பேரு இருக்கும். கருப்பசாமி, காவல், இரவு. அடுத்ததாத்தான் போர்மேன், தறிக்காரங்க, கடைசியில நான். அந்தக் கருப்பசாமி யாருன்னா, நாம இப்ப போற மலையடிவாரத்துல அருவாளோட நிக்கிறாரே, அவருதான்.

சிரிக்காதீங்க சார். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால கம்பெனியில தொடர்ந்து மூணு தடவ களவு. பேல் பேலா, பெரிய கட்டுக் கட்டாத் துணியத் தூக்கிட்டுப் போயிட்டானுக. வாட்ச்மேன் போட்டா தூங்குறான், இல்லாட்டி அவனே சேந்து தூக்குறான். மொதலாளி மலையடிவாரத்துக்குப் போய் அவரு கால்ல விழுந்து கும்பிட்டு, "நீரே வந்து நில்லும், ஒரு காவக்காரனுக்கு என்ன சம்பளமோ அத உமக்கே தர்றேன்"னு சொல்லிட்டாக. மறுநாள் காலையில என்னக் கூப்பிட்டு, "சங்கரலிங்கம், மொத பேரா எழுது"ன்னாக. எழுதுனேன். அன்னைக்குச் சம்பளம் தொள்ளாயிரம். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு முழம் துணி காணாமப் போனதில்ல சார். ஒரு நாள் லீவு கிடையாது, அட்வான்ஸ் கேட்டது கிடையாது. அப்படி ஒரு ஆள் எங்க கம்பெனியில வேற யாரும் இல்ல, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

சம்பளத்த மாசாமாசம் அவரு படத்துக்கு முன்னால இருக்கிற பெட்டியில போட்டுருவோம். சாவி என்கிட்ட. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவருக்குச் சம்பளம் ஏத்துவோம். இப்ப ஒன்பதாயிரம். எனக்கா? எனக்குக் கடைசியா ஏத்துனது எட்டு வருஷத்துக்கு முந்தி. அது வேற கத, அது கெடக்கட்டும்.

சித்திரையில மொதலாளிக்கு நெஞ்சு வலி வந்து ரெண்டு வாரம் மதுரையில இருந்தாக. அப்ப மாப்பிள்ளை வந்தாரு. ஹரிபிரசாத். பெங்களூர்ல பெரிய வேலை, இங்க வந்து கம்பெனியப் பாத்துக்கிறேன்னாரு. தங்கமான பையன், ஒரு வார்த்த சத்தமாப் பேசமாட்டாரு. வந்த மூணாம் நாளே என் பதிவேட்டப் பாத்துட்டு, "இனிமே இதெல்லாம் வேண்டாம், சாப்ட்வேர்ல போட்டுருவோம்"னாரு. எனக்கு அம்பத்திநாலு வயசு சார். மவுஸ் கையில நிக்காது, வழுக்கிட்டுப் போகும். ஆனா படிச்சேன். பெங்களூர்லருந்து அக்ஷரான்னு ஒரு பொண்ணு போன்லயே சொல்லிக் குடுத்துச்சு. நல்ல பொறுமை. அந்தப் பொண்ணு மொத நாளே சொன்னது என்னன்னா, "சார், ரெஜிஸ்டர்ல இருக்கிற வரிசைப்படியே போட்டுட்டு வாங்க, ஒருத்தரையும் விட்டுறாதீங்க."

நான் வரிசைப்படியே போட்டேன். ஒருத்தரையும் விடல.

ஊழியர் எண் ஒண்ணு, கருப்பசாமி. அடுத்தது தகப்பனார் பேரு. காலியா விட்டா அந்தக் கட்டம் செவப்பாயிருது. பூசாரிகிட்ட போன் போட்டுக் கேட்டேன், அவரு ஒரு மணி நேரம் கத சொன்னாரு, பேரு மட்டும் வரல. கடைசியில ஈஸ்வரன்னு போட்டேன், தப்பாகாது. பொறந்த தேதிக்கு நூறு வருஷம் முன்னால போட்டேன், "வயது வரம்பு"ன்னு ஏத்துக்கல. எங்க பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடத்துல போட்ட ஜூன் ஒண்ணாந்தேதியே அவருக்கும் போட்டேன். ரத்த வகைக்கு, எல்லாருக்கும் சேர்ற வகை எதுன்னு விசாரிச்சு அதப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த தேதி மட்டும் நெசமான தேதி சார். அதுல நான் பொய் எழுத மாட்டேன்.

அப்புறம் பேங்க் கணக்கு. சாமிக்கு ஏது பேங்க் கணக்கு? விட்டாச் செவப்பு. அதனால என் நம்பரப் போட்டேன். "இந்த எண் ஏற்கெனவே உள்ளது, தொடரவா?"ன்னு கேட்டுச்சு. அந்த மாதிரிக் கேட்டா ஆமான்னு அமுக்குங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்துச்சு. அமுக்கினேன். ஒண்ணாந்தேதி பணம் ஏறுனதும் ஏ.டி.எம்.ல எடுத்து ஒத்த ரூவா கொறையாம பெட்டியில போட்டுருவேன். சீட்டு வாங்கி வச்சீங்களான்னா கேக்கிறீங்க? சீட்டு வேணுமான்னு மெஷின் கேக்கும், நான் வேண்டாம்னு அமுக்கிருவேன். காகிதம் வீண்தானே சார்.

வைகாசியில விரல் வைக்கிற மெஷின் வந்துச்சு. கேட்டுக்கு வெளிய மாட்டினாங்க. உள்ள வரும்போது ஒரு தடவ, போகும்போது ஒரு தடவ. விரல் வைக்கலேன்னா ஆப்சென்ட். நான் யோசிச்சுப் பாத்தேன். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள் லீவு போடாதவருக்கு நம்ம காலத்துல ஆப்சென்ட் விழலாமா? அதனால வலது கட்டைவிரல் எனக்கு, இடது கட்டைவிரல் அவருக்குன்னு பிரிச்சுக்கிட்டேன். குழப்பமே வராது.

ராத்திரி எட்டு மணிக்கு அவருக்கு ட்யூட்டி. நான் வீட்லருந்து சைக்கிள்ல போய் இடது விரல வச்சு, ஒரு சூடம் ஏத்தி, வந்தது வந்தாச்சுன்னு பூட்டெல்லாம் இழுத்துப் பாத்து, ஷெட்டச் சுத்தி ஒரு நட நடந்துட்டு வருவேன். காலையில எட்டு மணிக்கு மறுபடி போய் அவருக்கு வெளிய போனதா வைப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லியப் பிச்சுப் போட்டுட்டு ஒன்பது மணிக்கு எனக்கு வைப்பேன். மழையில போனேன். காய்ச்சல்ல போனேன். ஒரு நாள் சைக்கிள் பஞ்சராகி இருபது நிமிஷம் லேட்டாயிருச்சு, மெஷின் அவருக்கு லேட்னு காட்டிருச்சு. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல சார். சாமி சர்வீஸ்லயே மொத லேட், என்னால.

வீட்டுக்காரி கேட்டா, "ராத்திரி காவலுக்குப் போறது அவரா நீங்களா?"ன்னு. அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வெவரமெல்லாம் வெளங்காது.

மாசம் முடிஞ்சு சம்பளம் ஓட்டினேன். இங்கதான் சாப்ட்வேரோட நியாயத்தப் பாக்கணும். எட்டு மணிக்கு எட்டு மணி பன்னெண்டு மணி நேரம், அதுல நாலு மணி நேரம் ஓவர்டைம், அதுக்கு ரெட்டச் சம்பளம். ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டி, அதுக்குத் தனி. ராத்திரிப் படி தனி. இருபத்திரெண்டு வருஷமா நாங்க யாரும் கணக்குப் பாக்காதத அது ஒரே நிமிஷத்துல பாத்துருச்சு. இருபதாயிரத்து எழுநூறு. போர்மேனுக்குப் பத்தொம்பது. எனக்குப் பதினாறாயிரத்து ஐநூறு. எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல சார். அவரு பாக்குற வேலைக்கு அது தகும்.

ஆனியிலயும் அதே மாதிரி. ஆடி பொறந்ததும் மாப்பிள்ளை, கம்பெனியில அதிகச் சம்பளம் வாங்குறது யாருன்னு ஒரு பட்டியல் எடுத்திருக்காரு. என்னக் கூப்பிட்டாரு.

"யாரு இந்தக் கருப்பசாமி?"

"வாட்ச்மேன் சார்."

"நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே?"

"யாருமே பாத்ததில்ல சார்."

"அப்ப விரல் யாரு வைக்கிறா?"

"நான்தான் சார் வைக்கிறேன்."

"சம்பளம்?"

"என் கணக்குலதான் சார் ஏறுது."

இதுக்கு மேல எப்படித் தெளிவாச் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. ஆனா அவரு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எந்திரிச்சுப் போய்க் கதவச் சாத்திட்டு வந்தாரு. "இல்லாத ஆள் பேர்ல சம்பளம் எடுக்கிறதுக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னாரு. நான் சொன்னேன், "இல்லாத ஆளுன்னு சொல்லாதீங்க சார், கன்னத்துல போட்டுக்கோங்க." போட்டுக்கல.

சரி, மொதலாளியக் கேட்டா முடிஞ்சுபோச்சுன்னு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். மொதலாளி டி.வி. பாத்துக்கிட்டு இருந்தாக. மாப்பிள்ளை எல்லாத்தையும் சொன்னாரு. மொதலாளி என்னப் பாக்கவே இல்ல. "ஏதோ சாமிக்குக் காணிக்க போடச் சொல்லியிருப்பேன். ஆளா எழுதுன்னா சொன்னேன்?"ன்னாக. சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வச்சாக. பாவம், நெஞ்சு வலிக்கு அப்புறம் ஞாபகம் தப்புது போல. மொதலாளியம்மா மாப்பிள்ளைக்கு மட்டும் காப்பி கொண்டாந்தாக. எனக்கு அன்னைக்கு வரல. பால் தீந்திருக்கும்.

பெட்டியத் திறந்து காட்டிட்டா விஷயம் தீந்துதேன்னு நெனக்கிறீங்க, முகத்துலயே தெரியுது. மாப்பிள்ளையும் அதத்தான் சொன்னாரு. நான்தான் சாவியக் குடுக்கல. ஏன்னா அந்தப் பெட்டிக்கு ஒரு மொற இருக்கு. வருஷா வருஷம் சிவராத்திரிக்கு ஒரு பங்கு கோவிலுக்குப் போயிரும். மிச்சம் பெட்டியிலயே இருக்கும். ஆபத்து அவசரம்னா ஆளுக என்கிட்ட சாவி வாங்கித் திறந்து எடுத்துக்கலாம். எவ்வளவு, எதுக்குன்னு ஒரு சீட்டுல சாமிக்கு எழுதிப் போடணும். திருப்பிப் போட்டதும் சீட்டக் கிழிச்சுரணும். அந்தச் சீட்ட எழுதுனவரும் சாமியும் தவிர யாரும் பாக்கக்கூடாது. மொதலாளி வச்ச மொறதான்.

நானே பாக்க மாட்டேன் சார். இருபத்திரெண்டு வருஷமா சாவி என் இடுப்புலதான் இருக்கு, ஒரு சீட்டப் பிரிச்சுப் படிச்சதில்ல. பெட்டிய எண்ணப் போறாங்கன்னதும்தான் மொத தடவையாப் பிரிச்சேன். பாக்கெட் போடுற பூலித்தாய் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பன்னெண்டாயிரம் எடுத்திருக்கு. முத்துக்காளை அவன் மகன் காலேஜுக்கு அஞ்சாயிரம். மத்தவங்க எல்லாம் எடுத்து, போட்டு, கிழிச்சுட்டாங்க. நானும் ஒரு தடவ ரெண்டாயிரம் எடுத்தேன், கண்ணாடிக்கு. அந்தச் சாப்ட்வேர்ல எழுத்து பொடிப்பொடியா இருக்குல்ல. அடுத்த மாசமே போட்டுட்டேன்.

மிச்ச ஏழு சீட்டும் மொதலாளி கையெழுத்து. ரெண்டு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம். வீட்டுக்கு மாடி எடுத்தப்ப ஒண்ணு. கார் டயருக்கு ஒண்ணு. ஒரு சீட்டுல, "மாப்பிள்ளை மோதிரத்துக்கு ஒரு லட்சம், தை மாதம் தந்துவிடுவேன், ஞானகுரு"ன்னு இருக்கு. எந்தத் தைன்னு போடல. பெரிய மனுஷங்களுக்கு நூறு ஜோலி, மறந்திருப்பாக.

என்ன சார் சொல்றீங்க? மாப்பிள்ளைகிட்டயா காட்டச் சொல்றீங்க? நல்லா இருக்கே! சாமிக்கு எழுதுனத மாப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டுறதா? நாளைக்கு எந்தப் பொம்பளை நம்பி ஒரு சீட்டு எழுதிப் போடும்? அதுவுமில்லாம அவரு பேசும்போதெல்லாம் அந்த மோதிரத்த உருட்டிக்கிட்டே பேசுறாரு. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? என் வாயில வராது சார்.

அதனால இன்னைக்கு மத்தியானம் நானே பெட்டியத் திறந்து சீட்டெல்லாம் எடுத்துட்டேன். இந்தா இந்த மஞ்சப்பையில இருக்கு. சாமி காலடியில கொண்டு போய்ப் போட்டுருவேன், அவரு பாத்துக்கிடட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரையும் வச்சுக்கிட்டுப் பெட்டியத் திறக்கப் போறாங்க. என் நோட்டுப்படி மூணு லட்சத்து நாப்பதாயிரம் இருக்கணும். அம்பத்தெட்டாயிரம் இருக்கும். கொறையிறத நான் கட்டுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். போலீசுக்குப் போக மாட்டேன்னு மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரு, நல்ல மனசு. பொண்ணு பேர்ல ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தேன், மூணு சென்ட். அதக் குடுத்தா சரியாப் போகும். வீட்டுக்காரி, "நீங்க என்ன சாமிக்கு ஜாமீனா?"ன்னு கேட்டா. நேத்துலருந்து சோறு வைக்கிறா, பேச்சு இல்ல. பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல.

இன்னைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை, "ரெண்டு பேர சாப்ட்வேர்லருந்து எடுத்துருங்க"ன்னாரு. ரெண்டு பேருன்னா கருப்பசாமியும் நானும். என் பேர நானேதான் எடுத்தேன். எங்க கம்பெனியில வேற யாருக்கும் அந்தச் சாப்ட்வேர் தெரியாதுல்ல. என் காரணத்த மாப்பிள்ளையே சொன்னாரு, பணிநீக்கம். அதுக்கு நோட்டீஸ் மாசம் கெடையாது. பட்டன அமுக்குனதும், "நாளை முதல்"னு வந்துருச்சு. இருபத்தாறு வருஷம், ஒரே அமுக்கு. நல்ல வேகம் சார், குறை சொல்ல முடியாது.

சாமி பேருக்கு வந்தப்பத்தான் கை நின்னுபோச்சு. சும்மா அழிக்க முடியாது, ரெண்டு மாசம் சம்பளம் ஓட்டியாச்சுல்ல. காரணம் போட்டாத்தான் விடும். ராஜினாமா, ஓய்வு, பணிநீக்கம், இறப்பு. நாலே நாலு. அந்தப் பொண்ணு அக்ஷராவுக்குப் போன் போட்டு, எதம்மா போடுறதுன்னு கேட்டேன். "நாம எப்படி சார் முடிவு பண்றது? எம்ப்ளாயிகிட்டயே கேட்டுட்டுப் போடுங்க"ன்னுச்சு. அதுவும் சரிதானே? அதான் இந்தப் பஸ்.

ஆனா இன்னைக்குப் புதன்கிழமை. பூசாரி செவ்வாய், வெள்ளிதான் வருவாரு. இருந்தா பூக்கட்டிப் போட்டு சாமி உத்தரவு கேட்டுருவேன். அதனால நானே மூணு பொட்டலம் கட்டிட்டு வந்திருக்கேன், இங்க பாருங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு துளசி, ஒரு காரணம் எழுதுன சீட்டு. இறப்ப நான் கட்டல, கை வரல. கோவில்ல ஒரு பிள்ளைய விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. இப்ப அங்க யாரும் இருக்க மாட்டாங்க. உங்களப் பாத்ததும் தோணுச்சு. உங்களுக்கு எங்க மொதலாளியத் தெரியாது, மாப்பிள்ளையத் தெரியாது, என்னையும் தெரியாது. செருப்பக் கழட்டிட்டு, மலையப் பாத்துக் கும்பிட்டுட்டு ஒண்ண எடுங்க சார். பஸ்ஸா இருந்தா என்ன, இங்கருந்து அவரு எல்லைதான்.

எடுங்க, எடுங்க. எது வந்தாலும் உங்க மேல பாவமில்ல.

குடுங்க. கண்ணாடியப் போட்டுக்கிடுறேன்.

ராஜினாமா.

அப்பாடா. அவரா விட்டுட்டுப் போறாரு, யாரும் அனுப்பல. நல்லதுதான், மரியாதையான காரணம். ஆனா கஷ்டமாத்தான் இருக்கு சார். இருபத்திரெண்டு வருஷம் ஒண்ணா வேல பாத்தோம். நான் போறதக்கூட ஜீரணிச்சுக்கிட்டேன், அவரு போறேங்கிறதத்தான் தாங்க முடியல. கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க.

ஆனா பாருங்க சார், ராஜினாமான்னா ஒரு மாச நோட்டீஸ் இருக்கே. சாப்ட்வேர் விடாது. இன்னைக்குச் சொன்னா அடுத்த மாசம் இதே தேதி வரைக்கும் அவரு ட்யூட்டி பாத்தாகணும். பாக்கலேன்னா ஆப்சென்ட் விழும். கடைசி மாசத்துல போய் ஆப்சென்ட்டா? இருக்கட்டும், மெஷின் கேட்டுக்கு வெளியதான இருக்கு. நாளைக்கு அதுலருந்து என் வலது கட்டைவிரலத்தான் எடுப்பாங்க. இடது அப்படியே இருக்கும்.

கண்டக்டர், எப்பா, இதே பஸ்தானே ஆறே முக்காலுக்குத் திரும்புது? பாத்துக்க, என்ன விட்டுட்டுப் போயிறாத. எட்டு மணிக்கு ட்யூட்டி இருக்கு.